புராஜெக்ட் அக்னி: பார்வையாளர் கருத்துகளும் ஒரு மறுபார்வையும்

'புராஜெக்ட் அக்னி' என்பது 'நவரசா' என்னும் தமிழ்த் தொகுப்புத் தொடரின் மூன்றாவது அத்தியாயம். நவரசா 2021 ஆகஸ்ட் 6 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. மணிரத்னமும் ஜெயேந்திர பஞ்சாபகேசனும் இணைந்து உருவாக்கிய இத்தொடரில் ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது தனிக்கதைகள் உள்ளன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு கிடையாது. எதை வேண்டுமானாலும் முதலில் பார்க்கலாம். கொரோனா காலத்தில் வேலையிழந்த திரைப்படத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டுவதற்காக எடுக்கப்பட்டது என்பதால் இயக்குநர்களும் நடிகர்களும் ஊதியம் வாங்காமல் பணியாற்றினார்கள்.

ஒன்பதில் அற்புதச் சுவைக்கு உரியது புராஜெக்ட் அக்னி. 'துருவங்கள் பதினாறு' (2016) மூலம் அறிமுகமான கார்த்திக் நரேன் இதை இயக்கினார். அரவிந்த் சுவாமியும் பிரசன்னாவும் முதன்மை வேடங்களில் நடித்தனர். பூர்ணா, சாய் சித்தார்த் உடன் நடித்தனர். இசை ரான் ஈத்தன் யோஹான். ஒன்பதில் முழு அறிவியல் புனைவு இது ஒன்றுதான். அதிகமாகச் சர்ச்சைக்கு உள்ளானவற்றுள் ஒன்றாகவும் இது அமைந்தது.

கதை

விஷ்ணு (அரவிந்த் சுவாமி) தனியாக வாழும் ஓர் ஆராய்ச்சியாளர். இஸ்ரோவில் பணியாற்றும் நண்பர் கிருஷ்ணாவை (பிரசன்னா) வீட்டுக்கு வரவழைத்து, தான் கண்டுபிடித்ததை விவரிக்கிறார். நாம் வாழும் இந்த உலகமே நம்மைவிட மேம்பட்ட யாரோ இயக்கும் ஒரு பாவனை உலகமாக இருக்கலாம். ஆழ்மனத்தின் வழியாகக் காலத்தைக் கடந்து சென்று நடந்ததை மாற்ற முடியும். அப்படி மாற்றினால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை விஷ்ணு தன் குடும்பத்தின் வழியாகக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் சுமேரிய நாகரிகம் வருகிறது, மனத்தின் அடுக்குகள் வருகின்றன, பெரிய ஆபத்து ஒன்றைப் பற்றிய எச்சரிக்கையும் வருகிறது. சில காட்சிகள் வெளியே போய் வந்தாலும் படத்தின் பெரும்பகுதி இரண்டு பேர் ஓர் அறையில் பேசுவதுதான்.

முடிவை இங்கே எழுதப்போவதில்லை. பாத்திரங்களின் பெயர்களைக் கவனியுங்கள் என்று மட்டும் சொல்லலாம். விஷ்ணு, கிருஷ்ணா, கல்கி, லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டு மர்மத்தைக் காப்பாற்றுவது தமிழ்ப் பார்வையாளரிடம் கொஞ்சம் கடினம்.

பார்வையாளர்கள் சொன்னவை

இது வெளியானபோது பள்ளிகள் மூடியிருந்தன. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்தபோது இரண்டு பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். மருமகள், "மாமா, இது படமா, கிளாஸா?" என்று கேட்டார். பொறியியல் படிக்கும் தம்பி மகன், எல்லாம் நோலன் என்று ஒரே வார்த்தையில் முடித்தான். என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இவர்கள் ஏன் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது.

அப்போது வெளியிலும் இவைதான் பேசப்பட்டன. மெதுவாகப் போகிறது, புரியவில்லை, ஹாலிவுட்டின் நகல், ஆங்கிலம் அதிகம். எதிர்ப்பக்கத்தில், தமிழில் இப்படி முயன்று பார்த்ததே பெரிது, ஒன்பதில் புதுமையானது இதுதான் என்று கொண்டாடியவர்களும் இருந்தனர். பலருக்கு முடிவு பிடித்திருந்தது.

சில வாரம் கழித்து, கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் அலையில் தாயைப் பறிகொடுத்தவர். பேச்சு எங்கெங்கோ சுற்றி இந்தப் படத்துக்கு வந்தது. மூன்று முறை பார்த்ததாகச் சொன்னார். வேலைக்குப் போகும் பேருந்தில், கைபேசியில். "அந்த ஆளு பேசறதுல பாதி எனக்குப் புரியல சார். ஆனா திரும்பிப் போயி ஒரே ஒரு நாளை மாத்தலாம்னா, எந்த நாளுக்குப் போவேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அதற்குமேல் அவர் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் போன பிறகு நான் மறுபடியும் பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் முறையிலிருந்து வந்தது.

மெதுவாகப் போகிறதா?

இந்தக் குறை சரியாகச் சொல்லப்படவில்லை என்றே நினைக்கிறேன். காட்சி அசையவில்லை என்பது உண்மை. ஆனால் தகவல் ஓடுகிறது, அதுவும் மூச்சு வாங்காமல். ஒரு கருத்தை மனத்தில் உட்காரவைப்பதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் அறிவியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மார்ச் மாதம் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில், கரும்பலகையில் ஒரு படம்கூட வரையாமல் இரண்டு பாடத்தை ஒரே வகுப்பில் நடத்தினால் மாணவர் முகத்தில் என்ன தெரியுமோ அதுதான் எங்கள் கூடத்தில் அன்று தெரிந்தது. அதை அவர்கள் 'ஸ்லோ' என்றார்கள். உண்மையில் அது வேகத்தால் வந்த களைப்பு.

மெதுவான அறிவியல் படங்கள் உலகில் இருக்கின்றன. தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) ஒரு நதிக்கரையையும் நீர்ச்செடிகளையும் காட்டிக்கொண்டு நிதானமாகத் தொடங்கும். கிறிஸ் மார்க்கர் என்ற பிரெஞ்சு இயக்குநரின் 'லா ஜெட்டே' (1962) 28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. அதுவும் காலப்பயணக் கதைதான், அதிலும் ஒருவன் தன் நினைவில் தங்கிவிட்ட ஒரு கணத்துக்குத் திரும்பிப் போகிறான். படம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில் அசைவு உண்டு: உறங்கும் பெண் கண் திறந்து நம்மைப் பார்க்கிறாள். அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் மீதிப் படம் முழுவதும் அசையாமல் காத்திருந்தது என்று அப்போது தெரியும். புராஜெக்ட் அக்னியில் அப்படி ஒரு காத்திருப்பு இல்லை. விஷ்ணுவின் மனைவியாக வரும் பூர்ணாவுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. இழந்தவனின் வலி, இழப்பு எப்படி நேர்ந்தது என்ற விளக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. என் மாணவர் மூன்று முறை பார்த்தது அந்த வலிக்காக. அதில் பாதியை அவர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்துக்கொண்டார்.

பேச்சாலேயே ஒரு படம் நிற்காதா என்றால், நிற்கும். 'தி மேன் ஃப்ரம் எர்த்' (2007) கிட்டத்தட்ட முழுவதும் ஒரு வீட்டில் சில பேராசிரியர்கள் பேசுவதுதான். ஊரைவிட்டுப் போகும் ஒருவர், தான் பதினாலாயிரம் ஆண்டுகளாக உயிரோடு இருப்பதாகச் சொல்கிறார். உயிரியல் படித்தவர் மறுக்கிறார், மானிடவியல் படித்தவர் மடக்குகிறார், இன்னொருவருக்குக் கோபம் வருகிறது, ஒருவர் அழுகிறார். நாம் யார் பக்கம் என்று நமக்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. புராஜெக்ட் அக்னியில் கிருஷ்ணா பெரும்பாலும் அடுத்த பத்திக்கு வழிவிடுகிற கேள்வியைக் கேட்கிறார். இஸ்ரோவில் இருக்கும் ஒருவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அளந்து பார்த்தாயா? எப்படி அளந்தாய்?" என்று வரிந்துகட்டிக்கொண்டு கேட்க வேண்டாமா? இது திரைக்கதையின் பலவீனம். பிரசன்னா மேல் குற்றமில்லை. கேட்கிறவனாக நடிப்பது எளிதல்ல; அதை அவர் முகத்திலேயே செய்திருக்கிறார். அரவிந்த் சுவாமியும் குரலை உயர்த்தாமல், தூக்கமில்லாதவனின் நிதானத்தோடு பேசுகிறார். இந்த இருவரும் இல்லாவிட்டால் கால் மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

புரியவில்லை, நகல்

இந்த இரண்டு குறைகளையும் நான் அவ்வளவாக ஏற்கவில்லை. அதே 2021 நவம்பரில் 'மாநாடு' வந்தது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதை. எங்கள் கூடத்தில் தூங்கிய அதே ஆட்கள் திரையரங்கில் விசிலடித்துப் பார்த்தார்கள். காலச் சுழற்சி அவர்களுக்குப் புரிந்தது, எஸ்.ஜே.சூர்யா அதில் மாட்டிக்கொண்டு அலுத்துக்கொள்வது இன்னும் நன்றாகப் புரிந்தது. அதற்கும் முன்னால் 'இன்று நேற்று நாளை' (2015) கால இயந்திரத்தைச் சிரிப்போடு கொண்டுவந்தது. 1963-லேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து பாட்டுப் பாடும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எம்.ஜி.ஆர் மீட்டுவந்தார். ஆகவே நம் மக்களுக்கு அறிவியல் கற்பனை புரியாது என்பது வீண்பேச்சு.

நோலன் சாயல் இருக்கிறது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உலகம் ஒரு பாவனை என்ற எண்ணம் நோலனுக்கும் 'மேட்ரிக்ஸ்' (1999) படத்துக்கும் சொந்தமல்ல. 2003-இல் நிக் பாஸ்ட்ரம் என்ற தத்துவப் பேராசிரியர் இதைத் தர்க்கமாகவே எழுதினார். மனத்துக்குள் உலகம், அந்த உலகத்தில் ஒருவன், அவன் மனத்துக்குள் இன்னோர் உலகம் என்று அடுக்கிக்கொண்டே போகும் கதைகள் யோகவாசிட்டத்தில் இருக்கின்றன. அது ஞானவாசிட்டமாகத் தமிழிலும் வழங்குகிறது. கார்த்திக் நரேன் எடுத்துக்கொண்ட பொருள் நம் பாட்டிமார் காதில் விழுந்திருக்கக்கூடிய பொருள். அதை ஏன் அவ்வளவு அந்நியமாகப் பேசவேண்டும் என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும் இங்கே தேவை. படத்தில் சுமேரியரைப் பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டு, அதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். பழைய நாகரிகங்களுக்கு வானிலிருந்து வந்தவர்கள் அறிவு கொடுத்தார்கள் என்ற கருத்து எரிக் ஃபான் டேனிகன் (1968), செக்கரியா சிட்சின் (1976) போன்றோரின் நூல்களால் பரவியது. சுமேரிய எழுத்தைப் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. கதைக்கு இது உதவலாம்; தேர்வுத்தாளுக்கு உதவாது. படத்தில் உண்மையான இயற்பியல் சொற்களும் இந்த வகைக் கதைகளும் ஒரே குரலில், ஒரே நம்பிக்கையோடு வருவதால் இளையவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இயக்குநர் ஆசிரியர் வேலை செய்ய வேண்டியதில்லைதான். ஆனாலும் ஒரு விஞ்ஞானி பேசும்போது எது அளந்தது, எது ஊகம் என்று அவர் குரலிலாவது ஒரு வேறுபாடு இருந்திருக்கலாம். உண்மையான விஞ்ஞானிகளிடம் அது இருக்கும்.

மருட்கை

நவரசத்தில் அற்புதம் எனப்படுவதைத் தொல்காப்பியம் மருட்கை என்கிறது. மெய்ப்பாட்டியல் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டு. அதில் மருட்கையும் ஒன்று. அது நான்கு வழியாகப் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர். இதுவரை காணாத ஒன்றைக் காணும் புதுமை. அளவில் மிகப் பெரியதைக் காணும் பெருமை. மிக நுண்ணியதைக் காணும் சிறுமை. ஒன்று இன்னொன்றாக மாறுவதாகிய ஆக்கம். முக்கியமான நிபந்தனை ஒன்றும் உண்டு. அறிவு முழுதாக எட்டிப் பிடிக்காத இடத்தில்தான் மருட்கை பிறக்கும். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் மேலே குறிப்பிட்ட தமிழாசிரியர்தான். பேராசிரியர் உரையையும் அவரே எடுத்துக் காட்டினார்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறையில் பல்லவர் செதுக்கிய தபசுச் சிற்பத்துக்கு முன்னால் போய் நின்றால் போதும். ஆளைவிடப் பெரிய யானைகள் பெருமை. அதே பாறையில் காலடியில் கிடக்கும் எலிகள் சிறுமை. ஒற்றைக்காலில் கைதூக்கித் தவம் செய்யும் பூனை, யாரும் எதிர்பாராத புதுமை. நடுப்பிளவில் நாகர்கள் நீந்த, கல்லே கங்கையாகி இறங்குவது ஆக்கம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு வழிகாட்டி அது அர்ச்சுனன் தபசு என்பார். பத்தடி தள்ளி நிற்பவர் பகீரதன் தபசு என்பார். அறிஞர்களிடமும் இந்த இரண்டு கட்சி உண்டு. பிள்ளைகள் இரண்டையும் கேட்டுவிட்டுப் பூனையிடம் திரும்பிவிடுவார்கள். பதில் கிடைக்கவில்லையே என்று யாரும் அங்கே குறைப்பட்டுக்கொண்டதை நான் பார்க்கவில்லை. கல் எதையும் விளக்குவதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கவிடுகிறது.

புராஜெக்ட் அக்னியின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. நான்கு வழியும் அதன் கையில் இருந்தன. பிரபஞ்சம் பெருமை, ஆழ்மனத்தின் நுட்பம் சிறுமை, உலகமே பாவனை என்பது புதுமை, ஓர் ஆள் இன்னோர் ஆளாகத் தெரிவது ஆக்கம். ஆனால் எதையும் பார்க்கவிடாமல் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிட்டது. வியக்க வேண்டியவன் பார்வையாளன். இங்கே வியப்பும் விஷ்ணுவே, விளக்கமும் விஷ்ணுவே. அதே தொடரில் வசந்த் எடுத்த 'பாயசம்' (தி. ஜானகிராமன் கதை) எதையும் விளக்குவதில்லை. டெல்லி கணேஷ் திருமண வீட்டில் நடமாடிக்கொண்டே இருக்கிறார். அவர் வயிற்றெரிச்சல் நமக்குள் தானாக ஏறுகிறது. அறிவியல் கதைக்கு அந்த அமைதி பொருந்தாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வகுப்பில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். காந்தத்தை முதல்முறை கையில் எடுத்த பிள்ளையிடம் அது ஏன் ஒட்டுகிறது என்று உடனே சொல்லத் தொடங்கிவிடுவேன். இரண்டு நிமிடம் விளையாடவிட்டிருக்கலாம்.

மொழி

தமிழாசிரியரின் கேள்விக்கு வருகிறேன். விஷ்ணுவும் கிருஷ்ணாவும் அன்றாட விஷயங்களைத் தமிழில் பேசுகிறார்கள். கருத்து ஆழமாகும்போது ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். படித்த தமிழர் இப்படித்தான் பேசுகிறார்கள் என்பது ஒரு சமாதானம். உண்மையும்கூட. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது என்ன சொல்கிறது? சோறு, உறவு, துக்கம் தமிழில், மூளை ஆங்கிலத்தில். என் பணிக்காலம் முழுக்க நான் எதிர்த்து நின்றது இந்த எண்ணத்தைத்தான். பெரிதாக வென்றேன் என்று சொல்ல முடியாது.

முடியாத காரியமும் அல்ல. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய் பேசியது தெருத் தமிழ். அதற்கு எல்லாம் தெரியும். அதைக் கிண்டலாகவும் சொல்லத் தெரியும். தொலைக்காட்சி உள்ள வீட்டில் தெருப்பிள்ளைகள் கூடிப் பார்த்த காலம். இயந்திரத்துக்கு உயிர் உண்டா என்ற கேள்வியை எங்கள் பகுதிப் பிள்ளைகள் முதலில் கேட்டது அந்த நாயால்தான். தயாரிப்பு மிக எளிமையானது. இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் எவருக்கும் 'கிளாஸ்' நினைவு வரவில்லை.

பள்ளிகள் திறந்த பிறகு, மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். படத்தின் கருத்தை மூன்று வாக்கியத்தில் நானே சொல்லிவிட்டு, இதை விஷ்ணு தன் நண்பனிடம் தமிழில் எப்படிச் சொல்வார் என்று எழுதச் சொன்னேன். 'சப்கான்ஷியஸ்' என்பதற்கு ஆழ்மனம், அடிமனம், உள்மனசு என்று உடனே வந்துவிட்டது. 'சிமுலேஷன்' என்பதில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாடநூலில் உள்ள உருவகப்படுத்தல் என்ற சொல்லை ஒருவன் எழுதிவிட்டு, இதை யாராவது வாயால் சொல்வார்களா என்று அவனே அடித்துவிட்டான். கடைசியில் ஒரு பெண் பொம்மலாட்டம் என்று எழுதியிருந்தாள். விஷ்ணு சொல்வதாக அவள் எழுதிய வசனம் இரண்டே வரி: நாம பொம்மைடா, கயிறு மேல போகுது, நான் கயித்தைப் பிடிச்சு ஏறிப் பார்த்துட்டேன்.

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் இருந்த பையன், "மேல யாரு இருந்தா?" என்று கேட்டான். அந்தப் பெண், அது அடுத்த சீனில் வரும் என்றாள்.